மூன்று விரல் வளைவு

கோபி டவுனுக்கு மேற்கே, சர்க்கரை மில்லுக்குப் போகும் ரோட்டில் கோகிலாவின் வெல்டிங் பட்டறை. கோகிலாவுக்கு முப்பத்திரண்டு வயசு. அவளிடம் தொழில் கற்க வந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு போன மனுசர். அவர் அவளை மாஸ்டர் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். ரெண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

கரும்பு வெட்டு நடக்கும் மாசம். காலை எட்டு மணிக்கு நாச்சிமுத்துவின் மச்சான் ராக்கியண்ணன், டிராக்டரில் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். அளவுக்கு மீறி கரும்பு ஏற்றியதில், டப்பாவைத் தாங்கும் வலதுபக்க இரும்புச் சட்டம் நடுவில் தொங்கிப்போயிருந்தது.

"மாப்பிள்ளை, வெட்டின கரும்பு காட்டுல கெடக்குது. மில்லு கேட்டு ஆறு மணி வரைக்கும்தான் தொறந்திருக்கும். இன்னைக்கு விட்டா என் முறை போச்சு. அடுத்த முறை வர்றதுக்குள்ள அத்தனையும் வெறகுதான்."

"மத்தியானம் குடுத்தர்றோம் மச்சான்" என்று நாச்சிமுத்து முந்திக்கொண்டார்.

கோகிலா திரும்பிப் பார்த்தாள். "வாக்குக் குடுத்தாச்சா?"

"வாயில வந்துருச்சுங்க மாஸ்டர்."

ராக்கியண்ணன் சிரித்தார். "அம்பது வயசுல அரிச்சுவடி. இன்னைக்குப் பரீட்சையாட்ட இருக்குது. பெயிலானா அந்த மாஸ்டர் பேச்சை விட்டுட்டு என் டிராக்டர் ஓட்ட வந்துருங்க."

நாச்சிமுத்துவின் கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று.

டப்பாவைக் கழற்றினார்கள். செயின் பிளாக் போட்டுத் தூக்கி, சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்தார்கள். தொங்கின வயிறு இப்போது திமிலாக மேலே நின்றது. கோகிலா சட்டத்துக்கு அடியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் கட்டினாள். நடுவில் நூலுக்கும் இரும்புக்கும் மூன்று விரல் இடைவெளி.

நாச்சிமுத்து பெரிய சுத்தியலோடு வந்தார். "எந்தப் பக்கம் அடிக்கறதுங்க?"

"எந்தப் பக்கமும் அடிக்காதீங்க."

"அடிக்காம எப்படிங்க நிமிரும்?"

கோகிலா சாக்பீஸால் திமில் மேல் மூன்று இடத்தில் முக்கோணம் போட்டாள். அகலம் திமில் விளிம்பில், கூர் கீழே. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நடு முக்கோணம் மட்டும் பழுக்கட்டும். செம்பருத்தி நெறம் வந்ததும் எடுத்துருங்க."

நெருப்பு சீறியது. இரும்பு கருத்து, பழுப்பாகி, சிவந்தது. நாச்சிமுத்து டார்ச்சை அணைத்துவிட்டு ஓடிப்போய் இடைவெளியில் விரல் வைத்தார்.

நாலு விரல்.

"நல்லா இருக்குது மாப்பிள்ளை. மூணைக் கொண்டாந்தேன், நாலாக்கிக் குடுத்துட்டீங்க" என்றார் பக்கத்திலேயே நின்ற ராக்கியண்ணன்.

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இருபத்தைந்து வருசம் வண்டி ஓட்டின கை. ஏதாவது கோணினால் உடனே எதையாவது பிடித்துத் திருப்பியாக வேண்டும். மூலையில் இருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

கோகிலா வாளியை வாங்கினாள். வெளியே போய், வாசல் முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்தாள்.

"மாஸ்டர், நாலாயிருச்சுங்க."

"ஆமாங்ண்ணா. சூட்டுக்கு இரும்பு வெளிய தள்ளும். ஆறுறப்பத்தான் உள்ளார இழுக்கும். தண்ணி ஊத்துனா சுருக்குனு நிமிரும். லோடு ஏத்துனா அப்பளமாட்ட ஒடையும்."

"அப்ப நான் என்னங்க பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்தான்."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். எழுந்தார். ரோடு வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். சிவப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்தது. குனிந்து விரல் வைத்தார். நாலாவது விரல் நெருக்கிப் பிடித்தது.

"மச்சான், இங்க வாங்க. கையை வெய்யுங்க."

"எனக்கென்னத்துக்கு?"

"வெச்சுத்தான் பாருங்க மச்சான்."

மூன்று. கொஞ்ச நேரத்தில் ரெண்டரை. பால் பொங்குவதைப் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி ரெண்டு பெரிய மனுசர்களும் நூலுக்குப் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டார்கள். யாரும் தொடவில்லை, தட்டவில்லை. இரும்பு தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு விரலில் வந்து நின்றது.

"அடங்கொக்காமக்கா" என்றார் ராக்கியண்ணன், மெதுவாக.

அடுத்த முக்கோணம். மறுபடியும் வளைவு கூடியது. இந்தத் தடவை சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ராக்கியண்ணன். "ஒரே தட்டு மாப்பிள்ளை. வெரசா முடிஞ்சுரும். மணி பதினொண்ணு."

நாச்சிமுத்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். "முருங்கைக்கு இதை ஊத்த முடியாது மச்சான். உக்காருங்க."

மூன்றாவது முக்கோணம் ஆறி முடிந்தபோது நூல் இரும்பைத் தொட்டது. நாச்சிமுத்து ஒரு துண்டுக் காகிதத்தை நடுவில் செருகிப் பார்த்தார். போகவில்லை. மறுபடி செருகினார். போகவில்லை. இடுப்பு வலியை மறந்து ஒரு குதி குதித்தார்.

குறுக்குக் கம்பி சேருகிற இடத்தில் ஒரு விரிசல் இருந்தது. கோகிலா அதை வெல்டு வைத்து அடைத்தாள். ரெண்டு மணிக்கு டப்பா ஏறியது. வண்டி காட்டுக்குப் பறந்தது.

அதற்கப்புறம்தான் நாச்சிமுத்துவுக்குப் பயம் வந்தது. வெறும் சட்டம் நேராக நின்றது சரி. கரும்பு ஏறினால்?

நாலு மணிக்குப் போனை எடுத்தார், வைத்தார். ஐந்து மணிக்கு எடுத்தார். ஓட்டுகிற மனுசனைக் கூப்பிடுவானேன் என்று மறுபடி வைத்தார்.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"கேட்டுக்குள்ள வந்துட்டேன் மாப்பிள்ளை. நீங்க டிராக்டருக்கு வர வேண்டாம். சட்டம் கோடு போட்டாப்பல நிக்குது. உங்க மாஸ்டர்கிட்டச் சொல்லிப்போடுங்க."

நாச்சிமுத்து சொல்வதற்குத் திரும்பினார். கோகிலா கேஸ் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதை அவள் மூணு மணிக்கே சுருட்டிவிட்டாள். நாலு மணிக்கும் சுருட்டினாள். இப்போது அவிழ்த்து மறுபடி சுருட்டுகிறாள்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"உங்களுக்கும் பயமுங்களா மாஸ்டர்?"

"பின்னே?"

"காலையில நாலு விரலானப்பவும்?"

"அப்பவுந்தான்."

"இந்தப் பயம் எத்தனை வருசத்துல போகுமுங்க?"

கோகிலா ஹோஸை ஆணியில் மாட்டினாள்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமுங்ண்ணா. உங்க கையை மட்டும் அதுகிட்டக் குடுத்துராதீங்க."