அடியில் நின்ற தண்ணீர்

சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில் ஞானாம்பாள் அம்மாதான் குரு. துறவுக்கு முன்பு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். சீடர் வேலாயுதம் அவரைவிட வயதில் பெரியவர்; கோபத்தில் மட்டும் சின்னப் பிள்ளை.

அன்று காலை ஒரு கண்ணாடி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். முந்தின நாள் பள்ளித் தோழர் துரைக்கண்ணுவின் பங்க்கில் பெட்ரோல் போட்டாராம். வீடு வருவதற்குள் கார் திக்கித் திணறி நின்றுவிட்டதாம். துரைக்கண்ணு தண்ணீர் கலந்து விற்கிறான், அதற்குச் சாட்சி இந்த பாட்டில் என்றார்.

மறுநாள் துரைக்கண்ணுவின் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் கிடையாது. சீர் செய்வதாக ஒப்புக்கொண்டவர் வேலாயுதம்தான். பட்டுப்புடவைகூட எடுத்து வைத்தாயிற்று.

"நான் போகப்போறதில்லம்மா. திருட்டுப்பய வீட்டுப் பந்தல்ல எனக்கென்ன வேலை?"

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அம்மா கேட்டார்.

பங்க் பெட்ரோலை பாட்டிலில் பிடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தாராம். விட்ட தண்ணீர் விட்ட அளவுக்குத்தானே அடியில் நிற்க வேண்டும்? அந்த அளவைக் குறிக்க அவர் மையால் போட்ட கோட்டைத் தாண்டி ஏறி நின்றது. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அம்மா காய்ந்த பாட்டில்கள் இரண்டைக் கொடுத்தார். ஒன்றில் பங்க் பெட்ரோல், இன்னொன்றில் கார் டேங்க்கில் இருப்பது. தண்ணீர் எதுவும் சேர்க்க வேண்டாம் என்றார். வேலாயுதம் முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பிடித்து வந்தார்.

இரண்டையும் மரநிழலில் வைத்துவிட்டு அம்மா கீரை ஆயப் போய்விட்டார். வேலாயுதத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டில்களையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அம்மா திரும்பி வந்தபோது பங்க் பெட்ரோல் தெளிவாக இருந்தது. கார் பெட்ரோலின் அடியில்தான் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது.

"பங்க் பெட்ரோல்ல தண்ணி இல்லய்யா. எத்தனால் இருக்கு. இப்பல்லாம் அதைக் கலந்துதான் வருது. தண்ணியக் கண்டா அது பெட்ரோல விட்டுட்டு தண்ணியோட சேர்ந்துக்கும். அதான் உங்க கோட்டைத் தாண்டிருச்சு."

"அப்ப என் கார்ல நிக்கிறது?"

டேங்க் மூடி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டார். வேலாயுதம் தலையைச் சொறிந்தார். மூடியின் ரப்பர் கிழிந்து வெகுநாளாகிறது. மாற்றச் சொல்லி மெக்கானிக் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழைக்காலம் முழுக்க கார் வெட்டவெளியில்தான் நின்றது. உள்ளே இறங்கி அடியில் கிடந்த மழைத்தண்ணீர், புதுப் பெட்ரோல் விழுந்ததும் கலங்கி என்ஜினுக்குப் போயிருக்கிறது.

அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. கார் கெட்ட கவலையெல்லாம் போன இடம் தெரியவில்லை. தோழன் திருடனில்லை என்ற நிம்மதியே நெஞ்சு நிறைய இருந்தது.

"நல்லவேளை, உங்களத் தவிர யார்கிட்டயும் வாய விடல. பஸ் ஏறியாவது போய் நின்னுடறேன்மா."

எழுந்து நாலடி நடந்தவர் திரும்பினார்.

"சின்ன வயசுலருந்து பழகினவன். அவன்கிட்டப் போயி எனக்கு எப்படிம்மா தப்பு தெரிஞ்சுச்சு?"

அவர் காலையில் தூக்கிக்கொண்டு வந்த பாட்டிலை அம்மா எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தண்ணிய நீங்களே ஊத்திட்டுத்தானய்யா, தண்ணி இருக்கான்னு பாத்தீங்க."