ஆமைக்கு வருகை சொன்ன மைனா

ஒரு காட்டில், ஓடைக்கரை மருதமரத்தடியில் பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. பெஞ்சு கிடையாது, சீருடை கிடையாது, வீட்டுப்பாடம்கூடக் கிடையாது. பொறாமைப்படாதீர்கள். காலையில் பெயர் கூப்பிடுவது மட்டும் கட்டாயம் உண்டு.

ஆசிரியர் ஒரு நாரை. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டுதான் பெயர் கூப்பிடும். "கண் எதற்கு? எனக்குக் காது போதும்" என்பது அதன் பெருமை. "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால், ஈரக் களிமண்ணில் அலகால் ஒரு கோடு போடும்.

குரல் வராவிட்டால்? உடனே பாடம் நின்றுவிடும். வகுப்பே எழுந்து, வராதவரைத் தேடக் கிளம்பும். அதுதான் அந்தப் பள்ளியின் வழக்கம். காட்டில் ஒருவர் வரவில்லை என்றால் வயிற்றுவலியாகவும் இருக்கலாம், வேடன் வலையாகவும் இருக்கலாம் அல்லவா?

குரங்குக்கு மட்டும் இந்த வழக்கம் பிடிக்கவில்லை. பலாமரத்தில் உட்கார்ந்து சுகமாகச் சுளை தின்னும்போது, முப்பது பேர் கீழே நின்று "டேய், இறங்குடா!" என்று கத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அது மைனாவிடம் போனது. "நாளைக்கு என் பேரைக் கூப்பிட்டா நீ சொல்லிடு. ரெண்டு சுளை தரேன்."

"மூணு," என்றது மைனா.

மைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் குரலையும் அப்படியே எடுத்துவிடும் கில்லாடி அது. நாரையைப் போலத் தொண்டையைச் செருமும். தவளையின் பாட்டைத் தவளையைவிட நன்றாகப் பாடும். ஒருநாள் பன்றிக்குட்டியின் அம்மா குரலில் "ஏலே, குளிக்க வாலே!" என்று கூப்பிட்டது. சேற்றில் கிடந்த குட்டி எட்டுப் புதர் தாண்டி ஓடிப்போனது.

மறுநாள் நாரை கூப்பிட்டது: "குரங்கு!"

"உள்ளேன் ஐயா, கீக்!" வாயில் பலாச்சுளை ஒட்டியிருப்பது போன்ற அதே குரல்!

நாரை கோடு போட்டது. வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? நரிக்குட்டிக்குத் தூக்கம் வந்தால் மைனா. முயலுக்குக் கிழங்கு ஆசை வந்தால் மைனா. மரத்தடி பாதி காலி. களிமண்ணில் கோடு மட்டும் ஒன்றுகூடக் குறையாது.

இந்த ஏற்பாட்டில் சேராதது ஆமை ஒன்றுதான். அதன் வீடு பாறைமேட்டுக்கு அந்தப் பக்கம். முயலுக்கு அது பத்துத் தாவல் தூரம். ஆமையோ கோழி கூவுமுன் கிளம்பினால்தான் மணி அடிக்கும் நேரத்துக்கு வந்து சேரும். மழை கொட்டிய நாளிலும் வந்தது. காலில் முள் தைத்த நாளில் மூன்று காலால் வந்தது. ஒருநாளும் தவறவில்லை.

வந்ததும் நேரே முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். முதல் நாளே முயல், "ஐயோ, குத்துது, குத்துது!" என்று குதித்து ஓடிவிட்டது. முள்ளம்பன்றி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. அப்போது ஆமைதான் நகர்ந்து நகர்ந்து வந்து, "எனக்கு ஓடு இருக்கு, முள்ளு. நீ தாராளமா சிலிர்த்துக்கோ," என்றது.

ஒருநாள் குரங்கு மைனாவைச் சீண்டியது. "எல்லார் குரலும் எடுப்பே. ஆமைக் குரல் உன்னால முடியுமா? அவ ஒரு வார்த்தை பேசி முடிக்கிறதுக்குள்ள உனக்கு மூச்சு போயிடும்!"

"யாருக்கு? எனக்கா? அவ ஒருநாள் வராம இருக்கட்டும், அப்புறம் பாரு!"

அந்த ஒருநாளும் வந்தது.

நாரை கண்ணை மூடிக்கொண்டு, "ஆமை!" என்று கூப்பிட்டது.

பதில் இல்லை. மறுபடியும், "ஆமை!"

குரங்கு மைனாவைப் பார்த்துக் கண்ணடித்தது. மைனா கழுத்தை உள்ளே இழுத்து, மெல்ல வெளியே நீட்டியது. "உள்... ளேன்... ஐ... யா..."

அச்சு அசல்! தவளை சிரிப்பை அடக்க முடியாமல் ஓடையில் விழுந்தது. நாரை நிம்மதியாகக் கோடு போட்டது.

முள்ளம்பன்றி மட்டும் எழுந்து நின்றது. "ஐயா, ஆமை வரலை."

"குரல் கேட்டேனே?"

"குரல் வந்துச்சு ஐயா. ஆள் வரலை. என் பக்கத்து இடம் காலியா இருக்கு."

நாரைக்குக் கோபம் வந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டது. "ஆமை, நீ இருக்கிறாயா, இல்லையா?"

மைனாவுக்குத் திக்கென்றது. இப்போது வாயை மூடினால் குட்டு உடைந்துவிடும். "இருக்... கேன்... ஐ... யா..."

"பார்த்தாயா? என் காது தப்பாது. உட்கார்!"

முள்ளம்பன்றி உட்காரவில்லை. பாறைமேட்டுப் பக்கம் நடந்தது.

"அனுமதி இல்லாமல் போகிறாயா? தண்டனை தெரியுமல்லவா? நாளெல்லாம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும்!"

"திரும்பி வந்து நிக்கிறேன் ஐயா," என்றது முள்ளம்பன்றி. போய்விட்டது.

மைனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓசைப்படாமல் பின்னாலேயே பறந்தது.

பாறைமேட்டில் ஆமை மல்லாந்து கிடந்தது. இறங்கும்போது கல் புரண்டு கவிழ்த்துவிட்டிருந்தது. நான்கு கால்களும் காற்றில் துழாவின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாறை தோசைக்கல்லாகச் சுட்டது. மல்லாந்த ஆமை உச்சி வெயில்வரை தாங்காது.

முள்ளம்பன்றி மூக்கால் முட்டியது, தோளால் தள்ளியது. ஆமை அசையவில்லை.

"முள்ளு," என்றது ஆமை. நாக்கு வறண்டிருந்தது. "என் பேரைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"அப்படின்னா எல்லாரும் தேடி வருவாங்க. பதில் வரலைன்னா வந்துடுவாங்க. நீ கவலைப்படாதே."

முள்ளம்பன்றி தன் உடம்பைத் திருப்பி, முட்களை விரித்து, ஆமையின் முகத்தில் வெயில் படாமல் நின்றுகொண்டது.

கிளையில் இருந்த மைனா அதற்குமேல் பார்க்கவில்லை. அம்புபோல் பள்ளிக்குப் பறந்தது.

"ஆமை மல்லாந்து கிடக்கு! எல்லாரும் வாங்க!"

யாரும் எழவில்லை. அது மைனாவின் சொந்தக் குரல். அதைத்தான் வகுப்பு கேட்டதே இல்லையே!

"இது யாரு குரல்? புதுசா இருக்கே!" என்றது தவளை.

"மைனா, அடுத்து புலியை எடு!" என்றது நரிக்குட்டி.

"சத்தியமாச் சொல்றேன்! ஐயா, இன்னைக்கு ஆமைக்கு உள்ளேன் சொன்னது நான். நேத்து குரங்குக்குச் சொன்னது நான். முயலுக்கு நாலு நாள், நரிக்குட்டிக்கு ஆறு நாள், எல்லாம் நான்தான்!"

சிரிப்பு நின்றது. "அடிப்பாவி, என்னையும் மாட்டி விட்டுட்டியே!" என்று முயல் பல்லைக் கடித்தது. "இனிமே உனக்கு ஒரு சுளை கிடையாது," என்று குரங்கு முணுமுணுத்தது.

"வேண்டாம்! நீ வந்து அவளைத் தூக்கு. உனக்குத்தான் கை இருக்கு!"

நாரை கண்ணைத் திறந்தது. முள்ளம்பன்றிக்குப் பக்கத்து இடத்தைப் பார்த்தது. அடுத்த நொடி அது முன்னால் பறக்க, வகுப்பே பின்னால் ஓடியது.

குரங்கு இரண்டு கையாலும் ஓட்டைப் பிடித்து ஒரே புரட்டில் நிமிர்த்தியது. தவளை கன்னம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. வெகுநேரம் கழித்து ஆமை கண்ணைத் திறந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

நாரை முள்ளம்பன்றியிடம் போனது. "தண்டனை எனக்குத்தான். நாளெல்லாம் இரண்டு காலில் நிற்கிறேன்," என்றது. நாரைக்கு அதைவிடக் கஷ்டம் உண்டா?

மைனா எல்லோருக்கும் பின்னால், சிறகை ஒடுக்கிக்கொண்டு நின்றது. ஆமை அதைப் பார்த்தது. திட்டவில்லை. "நீதான் இவங்களைக் கூட்டி வந்தியா?" என்று மட்டும் கேட்டது.

மைனா தலையசைத்தது. அப்புறம் அழுதது. அந்த அழுகையில் யார் குரலும் கலக்கவில்லை.

"பாதி வழி வந்துட்டேன். மீதியையும் நடந்துடறேன்," என்று ஆமை கிளம்பியது. அன்று முயல்கூட அதன் நடைக்கு மெதுவாகவே நடந்தது. பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பாடவேளை முடிந்திருந்தது.

களிமண்ணில் தன் பெயருக்கு நேரே இருந்த கோட்டை ஆமை பார்த்தது.

"ஐயா, இதை அழிச்சிடுங்க."

"இருக்கட்டும் ஆமை. ஒருநாளும் தவறாதவள் நீ. இன்றைக்கும் உன்மேல் தப்பில்லையே?" என்றது நாரை.

"நான் இன்னைக்கு வரலைன்னு எழுதியிருந்தா, நீங்க எல்லாரும் அப்பவே என்னைத் தேடி வந்திருப்பீங்க ஐயா."

நாரை குனிந்து, அந்தக் கோட்டைத் தன் அலகால் தானே அழித்தது.

நீதி: தோழன் வராத நாளில் அவனுக்காகக் குரல் கொடுக்காதே, அவனைத் தேடிப் போ.