ஆத்துக்குப் போட்ட கதவு

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம், அந்த ஆத்துக்குக் கதவு போட்டு வச்சிருந்தாங்களாம். சிரிக்காத. வீட்டுக்குக் கதவு போடுவாங்க, கொட்டாய்க்குப் படல் போடுவாங்க, ஆத்துக்கு யாராவது கதவு போடுவாங்களான்னுதான கேக்குற? போட்டாங்க. இரும்புக் கதவு. ஆறு கடல்ல போய் விழற எடத்துக்குக் கொஞ்சம் மேல, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் வரிசையா. ஷட்டர்னு சொல்லுவாங்க. போத்திக்கிட்டுப் படு, சொல்றேன். நடுவுல ம் கொட்டணும், கொட்டலைன்னா நிறுத்திடுவேன்.

எதுக்குப் போட்டாங்கன்னா, கடல் தண்ணி உள்ள ஏறி வந்து வயலெல்லாம் உப்பு பூத்துப் போச்சு. கெணத்துத் தண்ணியை வாயில வைக்க முடியல. அதனால போட்டாங்க. அது நியாயம்தான், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா போட்டவங்க ஒண்ணை மறந்துட்டாங்க. அந்த ஆத்துல மடவை மீன் இருந்துச்சு பாரு, அது கடல்ல பொறக்கும். குஞ்சா இருக்கும்போதே ஆத்துக்குள்ள ஏறி வரும், சேத்துல மேஞ்சு வளரும், பெருசானதும் முட்டை விடத் திரும்பக் கடலுக்குப் போகும். அதோட அம்மாவும் அப்படித்தான் போச்சு, அம்மாவோட அம்மாவும் அப்படித்தான் போச்சு. கதவு விழுந்ததும் குஞ்செல்லாம் வெளியிலயே நின்னுடுச்சு. மேல ஆத்துல வலை போட்டவன் வெறுங்கூடையோட வீட்டுக்குப் போனான்.

ம். சரி.

அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சுப் பெரிய ஆளுங்களுக்குப் புத்தி வந்துச்சு. வந்துச்சுன்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. "ஆத்து வாய் பாழாக் கெடக்கே, சீர் பண்ணுவோம்"னு கெளம்பினாங்க. தூந்து போன வாய்க்காலை எல்லாம் வெட்டி விட்டாங்க. கதவுக்கு வெளிய, கடல் பக்கத்துச் சேத்துல அலையாத்திக் கன்னு நட்டாங்க. அதான், வேரை வெளிய நீட்டிக்கிட்டு உப்புத் தண்ணியிலயே நிக்குமே, அந்த மரம். எல்லாம் புடிச்சுக்கிச்சு, பச்சைப்பசேல்னு காடா வளந்துச்சு. வேருக்கு நடுவுல எறா துள்ளுது, நண்டு குடுகுடுன்னு ஓடுது. நல்ல வேலை அது. நட்டவங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்.

அப்போ, "மீன் திரும்பி வந்துச்சான்னு பாத்துச் சொல்லு"ன்னு ஒருத்தியை வேலைக்கு வச்சாங்க. அவ பேரு தையல்நாயகி. தையலுன்னு கூப்பிடுவாங்க. மீனைப் பத்தியே காலேஜ்ல படிச்சவ. சின்ன வலையில மடவைக் குஞ்சைப் புடிப்பா, வால் ஓரத்துல துளியூண்டு நறுக்குவா, திரும்பத் தண்ணியில விட்டுடுவா. மூஞ்சியைச் சுளிக்காத, உனக்கு நகம் வெட்டுறேன் இல்ல, அந்த மாதிரிதான். மறுபடி வளந்துடும். எதுக்கு நறுக்குறா? அந்த வால் நறுக்கின குஞ்சு மேல ஆத்துல ஆப்பிட்டுச்சுன்னா, "இது நான் கீழ விட்ட புள்ளைதான், ஏறி வந்துடுச்சு"ன்னு தெரிஞ்சுடும் இல்ல? அதுக்குத்தான்.

ம்.

அலையாத்திக் காட்டுல வலையை விட்டா, பளபளபளன்னு குஞ்சு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கல. அவளோட மேல் ஆபீசர் தண்டபாணிக்கு அதைவிடச் சந்தோஷம்.

"அப்புறம் என்னம்மா, மீன் வந்துடுச்சு, ஆறு பொழைச்சுடுச்சுன்னு எழுதிக் குடுத்துடு. இதைக் காட்டித்தான் அடுத்த ஆத்துலயும் இதே மாதிரி செய்யப் போறோம்."

"இருங்க சார். வாசல் வரைக்கும் வந்திருக்கு. வீட்டுக்குள்ள போச்சான்னு பாக்க வேணாமா?"

பாக்கப் போனா. கதவைத் தாண்டி மேல, படித்துறையில வலை விட்டா. ம்ஹூம். அதுக்கும் மேல, ஆழமான மடு ஒண்ணு இருந்துச்சு, அங்க விட்டா. ம்ஹூம். ஏரிக்குப் பிரியற வாய்க்கால் வரைக்கும் போய் விட்டா. கெண்டை இருக்கு, கெளுத்தி இருக்கு, ஒரு மடவைக் குஞ்சு கெடையாது, வால் நறுக்கினதும் இல்ல, நறுக்காததும் இல்ல.

அப்புறம் கதவுக்கே வந்து, கடல் பக்கமா எட்டிப் பாத்தா. பாத்தவளுக்கு வயிறு எரிஞ்சு போச்சு. இரும்புக்கு அடியில குஞ்சுக்கு மேல குஞ்சு, மூக்கை முட்டிக்கிட்டு நிக்குது, டொக்கு டொக்குன்னு இடிக்குது, வழி தேடுது. கரையோரமாக் கொக்கும் நீர்க்காகமும் பந்தி உக்காந்திருக்கு. லபக், லபக். ஓடிப் போற எடம் இல்லாத குஞ்சு, வேட்டையாடவே வேணாம், குனிஞ்சா போதும். இதுக்கா மரம் நட்டாங்க? விருந்தாளியை வான்னு கூப்பிட்டு, பாயும் போட்டு, உள் கதவைப் பூட்டி வச்சா அதுக்குப் பேரு விருந்தா? எனக்கு இப்ப சொல்றப்பவே பத்திக்கிட்டு வருது. நீ ஏன் என்னை அப்படிப் பாக்குற, நானா பூட்டினேன்?

அந்தக் கதவைத் தூக்கி எறக்குறவர் பேரு பக்கிரி. லஸ்கர் வேலை. தையலு அவருகிட்ட ஓடினா.

"பக்கிரி அண்ணே, ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல கடல் கொஞ்ச நேரம் அசையாம நிக்கும் பாருங்க, ஆத்துத் தண்ணி ஒரு விரக்கடை ஒசந்து நிக்கும் பாருங்க, அப்ப ஒரு சாண் தூக்கினா போதும். உப்பு உள்ள வராது, குஞ்சு ஏறிடும்."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு தங்கச்சி. ஆபீஸ்ல சொல்லாம தூக்கினா என் வேலை போயிடும். நீ ஒரு உத்தரவு வாங்கிட்டு வா, இந்தா தூக்குறேன்."

உத்தரவு வாங்கப் போனா. மொதல்ல தண்ணி ஆபீஸ். "கதவு எங்களோடதுதாம்மா. ஆனா மீனு எங்களோடது இல்லையே. மீன் ஆபீஸ்ல கேளு"ன்னாங்க. சரின்னு மீன் ஆபீஸுக்குப் போனா. "மீனு எங்களோடதுதான். ஆனா அது நிக்கிற எடம் அலையாத்திக் காடு ஆச்சே. காட்டு ஆபீஸ்ல கேளு"ன்னாங்க. வெயில்ல காட்டு ஆபீஸுக்குப் போனா. "மரம் எங்களோடது. மரத்துக்கு ஒரு கொறையும் இல்லையே. கதவு விஷயம்னா தண்ணி ஆபீஸ்ல கேளு"ன்னு சொல்லிட்டு மின்விசிறியைக் கூட்டி வச்சுக்கிட்டாங்க.

பாத்தியா அநியாயத்தை. மூணு ஆபீஸ், மூணு மாடி, எத்தனை நாற்காலி. ஒரு சாண் இரும்பைத் தூக்குன்னு சொல்ல ஒரு வாய் இல்ல. ஆத்தைச் சீர் பண்ணினதே மூணு ஆபீஸும் சேந்து போட்ட திட்டம்தான? போட்டோவுக்கு மட்டும் மூணு பேரும் தோளோட தோள் ஒரசிக்கிட்டு நிப்பாங்க.

ம்... தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்போதான் விழா வந்துச்சு. ஆறு பொழைச்ச விழா. கதவுக்குப் பக்கத்துலயே கரையில பந்தல், வாழைமரம், மைக் செட்டு. தலைநகரத்துலேருந்து ஒரு பெரிய மனுஷர் வந்து தன் கையால மீன் விடப் போறாராம். ஆத்துல மீன் நிக்கிறப்பவே மீன் விடுற விழா, கேட்டுக்கோ. அதுக்குத் தண்டபாணி பண்ணையிலேருந்து கட்லாக் குஞ்சு வாங்கி, பை பையா வச்சிருந்தாரு. கட்லா கொளத்து மீனு. நல்ல தண்ணியில கெடக்குறது. அதைக் கடல் பக்கம் விடப் போறாங்களாம்.

"சார், அந்தப் பக்கம் உப்பு. கட்லா செத்துப் போயிடும்"னா தையலு.

"இந்தப் பக்கம் விட்டா பின்னாடி வெறும் செவுருதாம்மா தெரியும். அந்தப் பக்கம்னாத்தான் அலையாத்திக் காடு போட்டோவுல விழும்"னாரு தண்டபாணி.

விட்டாங்க. தொப், தொப், தொப்புன்னு பையைக் கவுத்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. பெரிய மனுஷர் மைக்கைப் புடிச்சு ஆத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. பேசுறாரு, பேசுறாரு. அவரு பேச்சு பாதிகூடத் தாண்டல, கீழ ஒண்ணு வயித்தைக் காட்டிக்கிட்டு மெதந்துச்சு. அப்புறம் ஒண்ணு. அப்புறம் தண்ணி முழுக்க வெள்ளை வெள்ளையா வயிறு. மீன் விக்கிற பூங்காவனம் கரையில நின்னுக்கிட்டிருந்தா. அவ சும்மா இருப்பாளா?

"ஏன் சாரு, வளக்கத்தான் விடுறீங்கன்னு நெனைச்சேன். கருவாடு போடவா?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. தையலுக்குச் சிரிப்பு வரல. செத்த மீனுக்கு அடியில அவ புள்ளைங்க இன்னும் இரும்பை இடிச்சுக்கிட்டு நிக்கிறது அவளுக்குத் தெரியும்.

தண்டபாணிக்கு முகம் வேர்த்து ஊத்துது. பெரிய மனுஷர் பேச்சை முடிச்சு எட்டிப் பாத்துட்டா மானம் போயிடுமே. பந்தல்ல உக்காந்திருந்த தண்ணி ஆபீஸ்காரர் தலையை ஆட்டினதும், குடுகுடுன்னு பக்கிரிகிட்ட ஓடினாரு.

"யோவ், ஷட்டரைத் தூக்குய்யா. இதெல்லாம் கடலுக்கு அடிச்சுக்கிட்டுப் போகட்டும். மெதுவாத் தூக்கு, பந்தல் நனைஞ்சிடப் போகுது."

"எவ்வளவு சார்?"

"ஒரு சாண் போதும்."

பக்கிரி தையலைப் பாத்தாரு. தையலு கடலைப் பாத்தா. தண்ணி அசையாம நிக்குது. பக்கிரி சக்கரத்தைப் புடிச்சு, கிர்ர்ர்... கிர்ர்ர்ன்னு சுத்தினாரு. செத்த கட்லா எல்லாம் மேலாக்க மெதந்து கடலுக்குப் போச்சு. அடியால, சுளுசுளுசுளுன்னு, மடவைக் குஞ்செல்லாம் ஆத்துக்குள்ள ஏறுது. கொக்கு கழுத்தை நீட்டிக்கிட்டு முழிக்குது. தையலு கதவுக்கு மேல இருக்குற பாலத்துக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டா. சந்தோஷத்துல பாதி, கோவத்துல பாதி. உசுரோட நின்ன மீனுக்காக மூணு ஆபீஸ் ஏறி எறங்கினா, ஒருத்தன் தூக்கல. செத்த மீனை ஒளிக்கணும்னா ஓடி வந்து தூக்குறாங்க.

ரெண்டு நாள் கழிச்சுப் படித்துறையில வலை விட்டா. வால் நறுக்கின குஞ்சு ஒண்ணு, உள்ளங்கையில துள்ளுது. மடுவுலயும் ஆப்பிட்டுச்சு. வாய்க்கால்லயும் ஆப்பிட்டுச்சு. தூக்கிக்கிட்டு ஓடி தண்டபாணிகிட்ட காமிச்சா. "பாருங்க சார், தொறந்தா ஏறுது."

"அதான் விழா முடிஞ்சுடுச்சேம்மா"ன்னாரு. கதவை விழா அன்னைக்கே எறக்கிட்டாங்க.

ஆமா, எறக்கிட்டாங்க. கொக்கு திரும்ப வந்து உக்காந்துடுச்சு.

தையலு கரையில உக்காந்து பூங்காவனத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னா. பூங்காவனம் வெத்தலையைத் துப்பிட்டு, "அட போடி, செத்த மீனுக்குத்தான தொறப்பானுங்க? எங்கிட்ட இல்லாத செத்த மீனா?"ன்னு எந்திரிச்சா. மறுநாள், அவளும் சந்தையில கூட இருக்குற பொம்பளைங்களும், விக்காமப் போன கழிசல் மீனை எல்லாம் கூடையில அள்ளிட்டு வந்தாங்க. கடல் அசையாம நிக்கிற நேரமாப் பாத்து, கதவு ஓரமாக் கொட்டினாங்க. நாத்தம்னா நாத்தம், குடலைப் புரட்டுற நாத்தம். காத்து நேரா, கரைமேல இருந்த தண்ணி ஆபீஸ் பங்களா பக்கம் அடிச்சுது. போன் பறந்துச்சு. "யோவ் பக்கிரி, தூக்குய்யா ஒரு சாண்." கிர்ர்ர். சுளுசுளுசுளு.

மறுபடி கொட்டினாங்க, மறுபடி தூக்கினாங்க. கொட்டக் கொட்டத் தூக்கினாங்க.

கடைசியில, தெனமும் போன் பண்ணி அலுத்துப் போயி, ஆபீஸ்லேருந்தே உத்தரவு வந்துடுச்சு. கடல் அசையாம நிக்கிறப்ப எல்லாம் ஒரு சாண் தூக்கணும்னு. பக்கிரி அதை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு, தையலு வாங்கிப் படிச்சா. கேட்ட உத்தரவுதான். தண்ணி ஆபீஸ், மீன் ஆபீஸ், காட்டு ஆபீஸ், மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எதுக்காகத் தூக்கணும்னு எழுதியிருந்துச்சு தெரியுமா? "துர்நாற்றம் வராமல் தடுப்பதற்காக."

மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சுப் பாத்தா. மீனுன்னு ஒரு வார்த்தை அதுல இல்ல.

ம். அவ்வளவுதான். குஞ்சு உள்ள போயிடுச்சு, கதையும் உள்ள போயிடுச்சு, நீ கண்ணை மூடு.