முடியலை

சுடலைமுத்து தன் குருவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். குரு ஆவுடையம்மாளை அவர் "அம்மா" என்பார். அந்த அம்மாளோ அவரை "அண்ணாச்சி" என்பார்.

இருவரும் இமயமலையில் ஒரு முகட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே போய் நின்றால் நந்தாதேவி சிகரம் முழுசாகத் தெரியும். அதை ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்பது ஆவுடையம்மாளின் நெடுநாள் ஆசை.

பாதி வழியிலேயே சுடலைமுத்துவுக்கு மண்டை பிளந்தது. பாறை மறைவில் போய் வாந்தி எடுத்தார். கால் பின்னியது. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே இறங்கிவிடுங்கள், மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று கீழே டீக்கடையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மனுஷன் கேட்டால்தானே! பாதி வீம்பு. மீதி, தன்னால் அம்மாவின் ஆசை கெட்டுவிடக்கூடாதே என்ற பாசம்.

"என்ன அண்ணாச்சி, முகம் வெளுத்துக் கிடக்கு?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். நீங்க நடங்க."

ஆவுடையம்மாள் கொஞ்ச தூரம் நடந்தார். சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எனக்கு முடியலை. இறங்கிருவோமா?"

"அந்தா, உச்சி தெரியுதே அம்மா!"

"தெரியுது. முடியலையே, என்ன செய்ய?"

சுடலைமுத்துவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. "என் தோளைப் பிடிச்சுக்கோங்க, நான் இருக்கேன்ல," என்று பெரிய மனசோடு சொன்னார். ஆவுடையம்மாள் பிடித்துக்கொண்டார். வழியில் ஏட்டையா சறுக்கியபோதெல்லாம் அந்தக் கைதான் அவரை விழவிடாமல் நிறுத்தியது.

கீழே வரவர அவருக்குத் தலைவலி விட்டது. டீக்கடையில் போய் உட்கார்ந்தார். சூடாக ஒரு டம்ளர் டீ உள்ளே போனதும் உயிர் வந்தது.

கடைக்காரி ஓடையில் தண்ணீர் எடுக்கக் கிளம்பினாள். ஆவுடையம்மாள் அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு போனார். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் விறுவிறுவென்று ஏறி வந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை.

அதைப் பார்த்த சுடலைமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, மேல உங்களுக்கு ஒண்ணுமே இல்லை, அப்படித்தானே?"

"ஆமா, ஒண்ணும் இல்லை அண்ணாச்சி."

"எத்தனை வருஷத்து ஆசை! அதை விட்டுட்டு, எதுக்கு முடியலைன்னு சொன்னீங்க?"

ஆவுடையம்மாள் குடத்தை இறக்கிவைத்தார்.

"உங்களால சொல்ல முடியலை. அதான் நான் சொன்னேன்."