மூத்த பனி வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் பனிக்கு வாய் இருந்தது. சும்மா இல்லை, நல்ல வாயாடி. இமயமலையின் உயரத்தில் ஆடு மேய்ப்பவர்களின் வீடுகளை ஒட்டிய சரிவில் குளிர்காலம் முழுக்க அதன் பேச்சுச் சத்தம்தான். ஒவ்வொரு முறை பெய்யும் பனியும் ஒருத்தி. எல்லாரும் அக்கா தங்கைகள். முதலில் பெய்தவள் அடியில் கிடக்கும் மூத்தவள். கடைசியாக வந்தவள் மேலே படுத்திருக்கும் கடைக்குட்டி. அடுப்படியில் இருப்பவர்கள் கதவைத் திறந்து அவர்களோடு ஊர்வம்பு பேசுவார்கள். அப்படியும் ஒரு காலம் இருந்ததே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

வசந்தம் வந்தால் அந்தச் சரிவைக் கடந்து எதிர்ப்பக்கப் புல்வெளிக்கு ஆடுகளை ஓட்டிப் போக வேண்டும். அதற்கு முன் அடிவரை குழி தோண்டி, "அக்கா, வரட்டுமா?" என்று மூத்தவளைக் கேட்பது வழக்கம். எல்லாரையும் தாங்குகிறவள் அவள்தானே. அவள் வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் பல்மோவும் அவள் கணவன் ரிக்ஸினும் சரிவின் ஓரத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கொட்டிலில் புல் தீர்ந்து, தாய் ஆடுகளுக்குப் பால் வற்றி, குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. முந்தின நாள்தான் புதுப் பனி பெய்திருந்தது.

ரிக்ஸின் குழி தோண்ட மண்டியிட்டான். எதிலும் நிதானம் அவனுக்கு.

"நீங்க தோண்டி முடிக்கறதுக்குள்ள இதுவும் செத்துடும்" என்று மடியில் கட்டியிருந்த குட்டியைக் காட்டினாள் பல்மோ. பிறகு மேலே கிடந்த கடைக்குட்டியிடம் கேட்டாள். "ஏம்மா, வரலாமா?"

நேற்று வந்தவளுக்கு என்ன தெரியும்? ஆட்களைப் பார்த்த சந்தோஷம் அவளுக்கு. "வாங்க அண்ணி, எல்லாரும் வாங்க!" என்றாள்.

பக்கத்துப் பாறையில் நின்ற மலையாடு காதை நிமிர்த்தியது. "ரிக்ஸின், மூத்தவ ஏதோ சொல்றா. சரியா கேக்கல. இன்னும் கொஞ்சம் தோண்டு."

ரிக்ஸின் மனைவியைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. பாதிக் குழியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

"சரி, நான் முதல்ல போறேன். அந்தப் பக்கம் சேர்ற வரைக்கும் என்னையே பார்த்துக்கிட்டு நில்லு" என்றான்.

ரிக்ஸின் சரிவில் நடக்கத் தொடங்கினான். பல்மோ பார்த்துக்கொண்டுதான் நின்றாள். மடியில் குட்டி கத்தியது. குனிந்து அதன் வாயில் விரலை வைத்தாள். அவ்வளவுதான். வெயிலில் மணல் மணலாக உதிர்ந்துகொண்டிருந்த மூத்தவள், "வராதே!" என்று அலறினாள். அத்தனை தங்கைகளையும் தாண்டி மேலே வந்தபோது அது வெறும் "உம்" என்றுதான் கேட்டது. பல்மோ நிமிர்ந்தாள். சரிவின் பனி மொத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது. ரிக்ஸினைக் காணோம்.

"கடைசியா எங்க நின்னாரு? யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. மலையாடு பாய்ந்து வந்து முன்கால்களால் இங்கே தோண்டியது, அங்கே தோண்டியது. பல்மோ நகம் பெயரத் தோண்டினாள். பொழுது சாய்ந்ததுதான் மிச்சம்.

கீழே குவிந்து கிடந்த மூத்தவள் கடைசியாகப் பேசினாள். "எங்க வாய்ப்பேச்சை நம்பி ஒரு உயிர் போச்சு. இனிமே பேச மாட்டோம், பல்மோ. நீங்களே தொட்டுப் பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க."

பல்மோ எவ்வளவோ கெஞ்சினாள். மடியில் இருந்த குட்டி மட்டும் பிழைத்துக்கொண்டது.

அன்றைக்கு மூடிய வாயைப் பனி இன்னும் திறக்கவில்லை. அதனால்தான் அந்த மலைக்காரர்கள் வசந்தத்தில் அடிவரை தோண்டி, அடிப்பனியைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்க்கிறார்கள்; மணலாக உதிர்ந்தால் திரும்பிவிடுகிறார்கள். ஒருவர் சரிவைக் கடக்கும்போது, பிள்ளை அழுதாலும் மற்றவர்கள் கண்ணை எடுப்பதில்லை. மலையாடு காலால் பனியைக் கிளறினால் புல்லுக்காக என்று சொல்வார்கள். புல் தெரிந்த பிறகும் அது கிளறிக்கொண்டே இருக்கும். அன்று முதல் இன்றுவரை அது தேடுவது ரிக்ஸினைத்தான்.