மரங்கொத்தி மேல் விழுந்த பழி

குளக்கரை இலுப்பை மரத்தில் அணில்கள் குடியிருந்தன. மழைக்காலம் ஓய்ந்ததிலிருந்து குட்டிகள் வயிற்று வலியில் சுருண்டு கிடந்தன. மின்னாள் என்ற தாய் அணிலின் ஒரே குட்டி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எல்லாம் அந்த மரங்கொத்தியால்தான்!" என்றது கிழ அணில் கோடப்பன். "டொக் டொக்கென்று தட்டுகிறாளே! மரம் அதிர்ந்தால் பிஞ்சு வயிறு தாங்குமா?"

மரங்கொத்தி பட்டையிலிருந்து திரும்பிப் பார்த்தது. "இந்தப் பழி வேறா எனக்கு? சரி, ஐந்து நாள் தட்டாமல் இருக்கிறேன்."

அப்படியே இருந்தது. குட்டிகள் தேறவில்லை.

"அவள் இங்கே இருப்பதே கேடு!" என்றது கோடப்பன்.

மரங்கொத்தி அக்கரைக்குப் பறந்துவிட்டது. மேலும் இரண்டு குட்டிகள் நோவில் படுத்தன.

"போகும்போது சபித்துவிட்டுப் போயிருப்பாள்!" என்றது கோடப்பன்.

மின்னாள் மெல்லக் கேட்டது. "மாமா, என்ன நடந்தால் 'நான் சொன்னது தப்பு' என்பீர்கள்?"

கோடப்பன் வாலைச் சொறிந்தது.

"எனக்குக் குளத்து நீர்மேல் சந்தேகம்," என்றது மின்னாள். பாதிக் குட்டிகளுக்குக் குளத்து நீர், பாதிக்கு இலையில் தேங்கிய பனிநீர் என்று கொடுத்துப் பார்த்தது. மற்றதெல்லாம் ஒன்றுபோலவே. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஒரே முனகல்.

"பெரிய கண்டுபிடிப்பு!" என்று சிரித்தது கோடப்பன்.

"நான் நினைத்தது தப்பு, மாமா. தண்ணீர் இல்லை என்றாவது தெரிந்ததே."

மின்னாள் தன் குட்டியின் பக்கத்தில் படுத்து யோசித்தது. பெரியவர்களுக்கு ஏன் நோவில்லை? குட்டிகள் மட்டும் தின்பது எது?

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொந்தில் சேர்த்த பழைய வாதாங்கொட்டை மழை ஈரத்தில் ஊறி மெத்தென்று இருக்கும். பால்பல்லுக்கு இதம் என்று பெரிய அணில்கள் அதைக் குட்டிகளுக்கே கொடுக்கும். மின்னாள் பொந்துக்குள் மூக்கை நுழைத்தது. பூஞ்சணம் நாறியது.

அன்று முதல் தாய் அணில்கள் குட்டிகளுக்குப் புதிய கொட்டையை மென்று ஊட்டின. நான்காம் நாள் மின்னாளின் குட்டி எழுந்து அம்மாவின் வாலைக் கடித்தது.

"தானாகவே தேறியிருக்கும்!" என்றது கோடப்பன்.

"இருக்கலாம், மாமா. பழையதை மறுபடி தின்றால் தெரியும். ஆனால் குட்டிகளுக்குக் கொடுக்க என் மனம் ஒப்பாது."

"கொண்டா இங்கே! நானே தின்கிறேன்!"

மூன்று நாள் தின்றது. அதே பொந்து, அதே கொட்டை. மூன்றாம் நாள் மாலை கிளையோடு ஒட்டிச் சுருண்டு கிடந்தது.

"ஒருவேளை அந்தச் சாபம்..." என்று தொடங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது. "இல்லை, மின்னா. நான் சொன்னது தப்பு."

உடம்பு தேறியதும் மன்னிப்புக் கேட்க அக்கரைக்குப் போனது. மரங்கொத்தி கோபிக்கவில்லை, திரும்பி வரவும் இல்லை. அங்கே முட்டையிட்டிருந்தது. டொக் டொக்கென்ற சத்தம் இப்போது நீருக்கு அப்பாலிருந்துதான் கேட்கிறது.

தன் எண்ணமும் பொய்யாகலாம் என்று ஒப்புக்கொண்டு சோதித்துப் பார்ப்பவருக்கே உண்மை அகப்படும்.