கையுறை மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு வர நேரமில்லாத மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? ஜெர்மானியக் கோமகன் ஒருவன் இருந்தான். தனக்குப் பதிலாகத் தன் கையுறையைப் பட்டுத் தலையணையில் வைத்து, தூதனோடு அனுப்பிவிட்டான். அந்தக் காலத்தில் அதுவும் செல்லும்!

பாதிரியார் ஜெபம் சொல்லித் திருமணத்தை முடித்ததும் தூதன் அதட்டினான்: "இந்தக் கையுறைதான் எங்கள் பிரபு. கோட்டைச் சாவியை அவரிடம் ஒப்படையுங்கள்."

கல்யாணத்தோடு தன் பரம்பரைக் கோட்டையும் கைநழுவப் போகிறதே என்று மணப்பெண் குனிகுண்டா பல்லைக் கடித்தாள். அவளுடைய பணிப்பெண் ஹில்லா முன்னே வந்தாள்.

"தாராளமாக, ஐயா." சாவிக்கொத்தைக் கையுறையருகே வைத்தாள். தூதன் கை நீட்டினான்.

ஹில்லா தடுத்தாள்: "பிரபு இருக்கும்போது நீங்கள் தொடலாமா? அவரே எடுத்துக்கொள்ளட்டும்."

சபையே பார்த்தது. கையுறை அசையவில்லை.

ஹில்லா சாவியை எடுத்துக் குனிகுண்டாவின் இடுப்பில் செருகினாள்.

"கையுறைக்குள் கை வந்ததும் சொல்லி அனுப்புங்கள், ஐயா."